சாவியைத் திருப்பினால் விசா

"மாதக் கடைசியில் எண்ணுவோம், வாரக் கடைசியில் வரும் (3)."

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் நான் போட்ட குறுக்கெழுத்துக் குறிப்பு இது. சிங்கப்பூரின் தோ பாயோவில் இருக்கும் பெரியம்மா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஐந்தே நிமிடத்தில் விடை அனுப்பிவிட்டார். மதுரையிலிருந்து வந்து இரண்டு மாதமே ஆன தங்கை மாப்பிள்ளை மட்டும் இரவு வரை முட்டிக்கொண்டிருந்தார். விடை 'வெள்ளி': வெ, ள், ளி, மூன்று கட்டம். வாரக் கடைசியில் வருவது எது என்று அவருக்குத் தெரிந்தது. மாதக் கடைசியில் எண்ணுவதுதான் பிடிபடவில்லை. மதுரையில் வெள்ளியை யாரும் எண்ண மாட்டார்கள், நிறுப்பார்கள்.

சிங்கப்பூர்த் தமிழில் டாலருக்குப் பெயர் வெள்ளி. சும்மா வைத்த பெயர் இல்லை இது. 19-ஆம் நூற்றாண்டில் இந்தத் துறைமுகத்தில் கைமாறிய பணம் நிஜமாகவே வெள்ளி. ஸ்பானிய, மெக்சிகோ நாணயங்கள். ஆட்சி இந்தியாவிலிருந்து நடந்த நாளில் ரூபாயைப் புகுத்தப் பார்த்தார்கள், வியாபாரிகள் மசியவில்லை. 1867-இல் நீரிணைக் குடியேற்றங்கள் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) இந்திய நிர்வாகத்தின் கையை விட்டுப் போனதும் டாலரே கணக்குப் பணமானது. 1903-இல் தனக்கென்று ஒரு வெள்ளி டாலரும் அடித்துக்கொண்டது. இன்று இரண்டு வெள்ளி நோட்டு பிளாஸ்டிக் தாள். பேர் மட்டும் உலோகமாகவே நிற்கிறது.

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள், அதில் ஒரு பொருள் ஒரு ஊருக்கு மட்டும் சொந்தம். குறிப்பு எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. சொல் எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவருக்கும் இதே சரக்குதான். ஆனால் இந்த இரண்டு வேலையும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் புதிரைப் பார்ப்போம். குறுக்கெழுத்து பிறந்த நாள் 1913 டிசம்பர் 21. லிவர்பூலில் பிறந்து அமெரிக்கா போன ஆர்தர் வின் என்பவர் 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழின் ஞாயிறு பதிப்பில் வைர வடிவத்தில் ஒன்றை வரைந்து கொடுத்தார். அதில் குறிப்புகள் எல்லாம் நேரடியானவை. அது கடல் கடந்து பிரிட்டனுக்குப் போனதும், அங்கே 1920-களில் குறிப்புகள் பொய் சொல்லக் கற்றுக்கொண்டன. மேலோட்டமாகப் படித்தால் ஒரு வாக்கியம், பிரித்துப் பார்த்தால் வேறு. ஒரு முனையில் விடையின் நேர்ப்பொருள் இருக்கும். மறுமுனையில் அந்தச் சொல்லைச் செய்து எடுக்கும் வழி இருக்கும். இரண்டும் ஒரே விடையில் வந்து முட்ட வேண்டும். அதுதான் ஆட்டத்தின் நேர்மை.

இதை மறைகுறிப்பு என்று வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு ஒன்று: "கடைசித் தேர்தல் வட்டாரத்தில் பொருள் வாங்கலாம் (6)." கடைசி என்றால் கடை. தேர்தல் வட்டாரம் என்றால் தொகுதி. சேர்த்தால் கடைத்தொகுதி, தமிழ்நாட்டில் மால் என்கிறார்களே, அதற்குச் சிங்கப்பூரில் எழுதும் சொல். க, டை, த், தொ, கு, தி. ஆறு கட்டம். 'கடை', 'தொகுதி' இரண்டும் இந்தச் சொல்லுக்குள் வேறு பொருளில் உட்கார்ந்திருக்கின்றன. குறிப்பு அவற்றைக் கிளப்பி வேறு நாற்காலியில் உட்கார வைக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு சிறு பெருமை. பேரங்காடி, மின்தூக்கி, பெருவிரைவு ரயில் என்று சிங்கப்பூரில் செய்தித்தாளிலும் அறிவிப்புப் பலகையிலும் புழங்கும் கூட்டுச்சொற்கள் புதிர்க்காரனுக்குப் பெரிய வரம். லிஃப்ட் என்ற சொல்லை எங்கே வெட்டுவீர்கள்? மின்தூக்கியில் தையல் தெரிகிறது, கத்தி வைக்கலாம். ஆனால் தையலிலேயே வெட்டினால் குறிப்பு சப்பென்று போய்விடும். பாதிச் சொல்லுக்கு வேறு பொருள் கிடைத்தால்தான் சுவை.

மறைகுறிப்பு வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால் பெரியம்மாவுக்குக் கோபம் வரும். தண்டியலங்காரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். சோழர் காலத்து அணியிலக்கணம் அது. அதில் சித்திரகவி என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்தால் இங்கிலாந்துக்காரர்கள் பேர் வைத்த உத்திகளில் பாதிக்கு நம்மிடம் பழைய பேர் இருக்கிறது. ஒரு சொல்லில் எழுத்தை ஒவ்வொன்றாக நீக்கிப் புதுப் பொருள் காண்பது அக்கரச்சுதகம். எழுத்தை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவது எழுத்துவருத்தனம். ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருந்தால் கரந்துறைச் செய்யுள். முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஓடினால் மாலைமாற்று.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது வினாவுத்தரம். சின்னச் சின்னக் கேள்விகளுக்கு விடை சொல்லி, விடைகளை ஒட்டினால் பெரிய கேள்விக்கு விடை கிடைக்கும். அதற்குக் காட்டும் பழைய உதாரணத்தை இன்றைய பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும். தாமரையில் இருக்கும் தேவி யார்? திரு. போகிறவனை அனுப்பி வைப்பவன் என்ன சொல்வான்? ஏகு. போரில் விடும் சரத்துக்கு இன்னொரு பேர்? அம்பு. அழகுக்கு? அம். சரி, பிறை சூடிய பெருமான் விரும்பி உறையும் இடம்? திரு, ஏகு, அம்பு, அம், திருவேகம்பம். காஞ்சிபுரத்துக் கோயில். கட்டம் மட்டும்தான் இல்லை, மற்றபடி இது அச்சு அசல் மறைகுறிப்பு.

பேர்கள் பழையவை, சரக்கு நம் தெருவிலிருந்தே எடுக்கலாம். "தலையிழந்த குதிரை ஜன்னலில் தொங்குகிறது (2)." குதிரையில் 'கு' போனால் திரை. அக்கரச்சுதகம். "சிங்கப்பூருக்குள் ஒளிந்திருக்கும் கோப்பை (2)." சி, ங், க, ப், பூ, ர், நடுவில் பாருங்கள், கப். கரந்துறை. "திரும்பிய சாவி நாட்டுக்குள் விடும் (2)." சாவியைத் திருப்பினால் விசா. இது மாலைமாற்றுக்குத் தூரத்துச் சொந்தம். மாப்பிள்ளை இதை நொடியில் கண்டுபிடித்தார். ஆறு மாதம் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

கட்டத்தில் தமிழை அடைப்பது தனிப் பாடு. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, நமக்கு 247. 'கா' இருக்கும் கட்டத்தை 'கா' உள்ள இன்னொரு சொல்தான் கடக்க முடியும். 'க' வந்தால் உதவாது. போதாததற்குப் புள்ளி வைத்த எழுத்துக்குத் தனிக் கட்டம். மெய்யெழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது. அதனால் வலது மேல் மூலையில் 'கம்பம்' என்ற சொல்லின் ம் வந்து நின்றால் அங்கிருந்து கீழே எதுவும் இறங்காது. க், ச், த், ப் நான்கும் தம் வரிசை எழுத்தையே அடுத்து வைத்துக்கொள்ளும், வேறு எதையும் அண்ட விடாது. ஆங்கிலத்தில் எழுத்துகளைக் குலுக்கிப் போட்டுப் புதுச் சொல் செய்வது பாதி ஆட்டம். தமிழில் குலுக்கினால் பாதி எழுத்து ஒட்டிக்கொண்டே விழும்.

நம் வாரப் பத்திரிகைப் புதிர்களில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பதோடு வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் இருக்கும், கவனித்திருப்பீர்கள். ஆங்கிலப் புதிர்க்காரர்கள் இதைக் கள்ளாட்டம் என்பார்கள். எனக்குப் படுகிற காரணம் அந்த ம்-தான். அங்கிருந்து இறங்க முடியாது, ஆனால் கீழிருந்து 'ஏலம்' ஏறி வந்து அதே ம்-இல் முடியலாம். வழி அடைத்திருந்தால் வேறு பக்கம் சுற்றி வருகிறோம். தண்டியலங்காரம் சொல்லும் சருப்பதோபத்திரமும் அப்படித்தான். 64 கட்டத்தில் எழுதி, நான்கு திசையிலிருந்து படித்தாலும் அதே பாட்டு வர வேண்டும். நான்கு திசை என்பது நமக்குப் பழைய பழக்கம்.

அந்த ஏலத்துக்கு ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன்: "பாயசத்திலும் போடுவார்கள், கடன் கட்டாதவன் வீட்டையும் போடுவார்கள் (3)." பாயசத்தில் போடுவது ஏலக்காய். வீட்டைப் போடுவது வேறு ஏலம். எழுத்து ஒன்று, ஆனால் இரண்டும் ஒட்டுறவே இல்லாத இரண்டு சொற்கள். விலை கூறும் ஏலத்துக்கு அகராதிகள் காட்டும் வேர் போர்ச்சுகீசியத்தின் லெய்லாவ். இப்போது ஒரு பசார் மாலாமுக்கு, அதாவது இரவுச் சந்தைக்கு, போய் நில்லுங்கள். கடைக்காரர் "லெலோங், லெலோங்" என்று கத்துவார். மலாய்க்காரர், சீனர், தமிழர் யார் கடை போட்டிருந்தாலும் அதே கத்தல். அந்த லெலோங்கும் அதே லெய்லாவ்தான். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒன்று நாகப்பட்டினத்தில் இறங்கியது, ஒன்று மலாக்காவில்.

மலாக்காவைப் போர்ச்சுகீசியர் 1511-இல் பிடித்தார்கள். 1641-இல் டச்சுக்காரர் கைக்குப் போனது. நாகப்பட்டினமும் போர்ச்சுகீசியரிடமிருந்து 1658-இல் டச்சுக்காரருக்கு மாறியது. இரண்டு கரையிலும் இறங்கியது ஒரே மாதிரி கப்பல், ஒரே மாதிரி வீட்டுச் சாமான். அதனால்தான் நம் ஜன்னல் மலாயில் ஜெண்டேலா, மேசை மேஜா, அலமாரி அல்மாரி. டச்சுக்காரனின் சில்லறைக் காசு டொய்ட் தமிழில் துட்டு, மலாயில் டூயிட். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அத்தை) ஒருவருக்கும் என் அம்மாவுக்கும் இடையில் இருபது வருடம் பேச்சு ஓடியது இந்த மாதிரிச் சொற்களை வைத்துத்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. மின்தூக்கியில் நம்மோடு நிற்பவர் பெரும்பாலும் வேறு மொழிக்காரர். காது தானாகவே நீண்டுவிடுகிறது.

நாம் கொடுத்ததும் கொஞ்சமில்லை. மலாய்க்காரர் கடையைக் கெடாய் என்கிறார். கட்டில் அங்கே காத்தில், மீசை மீசாய், மேலே குதிரை தொங்கவிட்ட திரை தீராய், வியாபாரத்தில் போடும் முதல் மோடால். மாப்பிள்ளை மெம்பெலாய் ஆகிவிட்டது. ஆனால் மலாயில் மணப்பெண்ணும் மெம்பெலாய்தான். இதைச் சொன்னபோது எங்கள் மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை, தங்கைதான் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இங்கேதான் வழுக்கும் இடம் வருகிறது. நான்கு சொல் நம்முடையது என்று தெரிந்ததும் நாற்பதையும் நம்முடையது என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். தேக்காவை, நம் லிட்டில் இந்தியா சந்தையை, எடுத்துக்கொள்ளுங்கள். தேக்கு மரம் நின்ற இடம் என்று கதை கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? உண்மையில் அது ஹொக்கியன் என்ற சீன மொழிச் சொல். தெக் என்றால் மூங்கில், கா என்றால் அடி. ரோச்சோர் கால்வாயோரம் மூங்கில் புதர் இருந்த காலத்துப் பேர். 1980-களில் புதுச் சந்தைக் கட்டடத்துக்கு அதே சீன எழுத்துகளை மாண்டரினில் படித்து ஜூஜியாவ் என்று பேர் வைத்தார்கள். யார் வாயிலும் நிற்கவில்லை. பிறகு தேக்கா என்ற பேரே திரும்பி வந்துவிட்டது. ஹொக்கியன் பேர் அது. அதை விடாமல் பிடித்துக்கொண்டவர்களில் காலையில் முருங்கைக்காய் வாங்கப் போகும் தமிழர்களும் உண்டு.

ஆனால் குறிப்பு எழுதும்போது நான் ஹொக்கியனைத் தேடிப் போக மாட்டேன். "தேனின் முதலும் தலையில்லாக் காக்காவும் சேர்ந்தால் காய்கறி வாங்கலாம் (3)." தே, க், கா. தேக்காவுக்கும் தேனுக்கும் சம்பந்தமில்லை, காக்காவுக்கும் இல்லை. இருந்தாலும் குறிப்பு சரி. புதிர்க்காரன் சொல்லை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், எந்தத் துண்டுக்கும் எந்தப் பொருளும் தரலாம். விடை வந்து சேர்ந்தால் போதும், கேள்வி கேட்க ஆளில்லை. வேர்ச்சொல் தேடுகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது. இந்தச் சொல் எந்தக் கப்பலில் ஏறியது, நடுவில் எந்த வாயில் எப்படி மாறியது, அதே மாற்றம் மற்ற சொற்களிலும் நடந்திருக்கிறதா, எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். ஓசை ஒத்துப்போகிறது என்பது புதிருக்கு விடை, வரலாற்றுக்கு வெறும் சந்தேகம்.

'கேஷ்' நம் 'காசு' என்று எத்தனை மேடையில் கேட்டிருப்போம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் நமக்கும் உறவில்லை. ஆனால் நடுவில் சதுர ஓட்டை போட்ட பழைய சீனச் செப்புக்காசையும் ஆங்கிலேயர் கேஷ் என்றார்கள். அது நம் காசேதான். போர்ச்சுகீசியர் வாய் வழியாகப் போனது. ஆக மேடைக்காரர் சொன்னதில் பாதி சரி, ஆனால் அவர் நினைத்த பாதி இல்லை. ஏலக்காயும் ஏலமும் போலத்தான் இதுவும். சிலேடைக்கு நல்லது, சாட்சிக்கு ஆகாது.

கோப்பிக்கடையில் அங்கிள் "தே ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்கும்போது அவர் சொல்லும் 'தே'யும் நம் தேநீரில் இருக்கும் 'தே'யும் ஒன்றே என்று நான் சொன்னால் பலர் நம்புவதில்லை. தேன் போல இனிக்கும் நீர் என்று சின்ன வயதில் எனக்கு ஒருவர் விளக்கியிருக்கிறார். சீனாவின் ஃபூஜியன் கரையில் அந்த இலைக்குத் தே என்று பேர். கடல்வழியே போன இடமெல்லாம் தே, டீ என்றானது. தரைவழியே போன இடத்தில் சா, சாய், சாயா. நாம் தேநீர், டீ, சாயா மூன்றையும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் சில சொற்கள் ஊர் சுற்றிவிட்டு வேறு சட்டையில் வீடு திரும்பியவை. நம் கிடங்கு, தெலுங்கில் கிட்டங்கி, மலாயில் கூடாங் ஆனது. போர்ச்சுகீசியர் அதை எடுத்தார்கள், ஆங்கிலேயர் கோடவுன் ஆக்கினார்கள், நாம் அதைக் குடோன் என்று திரும்ப வாங்கிக்கொண்டோம். மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த நீளக் கூடங்களுக்கும் கிட்டங்கி என்றுதான் பேர். கம்பம் இன்னும் சுவாரசியம். மலாய்க் கிராமமான கம்போங்கை இங்குள்ள தமிழர் கம்பம் என்றே சொல்வார்கள். ஆங்கிலேயர் அதே கம்போங்கைக் காம்பவுண்டு ஆக்கினார்கள் என்பதுதான் பெரும்பாலான அகராதிகளின் முடிவு. அப்படியானால் தமிழ்நாட்டுக் காம்பவுண்டுச் சுவரும் சிங்கப்பூர்ப் பெருந்தீவில், புவாங்கோக்கில், மிச்சமிருக்கும் கடைசிக் கம்பமும் ஒரே சொல். "கொடி பறக்கும் இடத்தில் அந்தக் காலத்தில் கோழியும் மேய்ந்தது (4)" என்று இதற்கு எழுதினேன். கம்பத்தில் வளர்ந்த பெரியம்மா கோழி என்றதுமே பிடித்துவிட்டார்.

அப்புறம் ஒரு சொல் என்னை ரொம்ப நாள் படுத்தியது. வீவக. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின், அதாவது அரசு அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் கழகத்தின், முதலெழுத்துகள். சிங்கப்பூரில் தமிழ் படிக்கும் எல்லாருக்கும் தெரிந்த சொல். மூன்று கட்டம். வீ என்றால் பழந்தமிழில் பூ, உதிர்ந்த பூ. மீதி இருக்கும் 'வக' என்பதற்கு எந்த அகராதியிலும் எனக்கு உதவுகிற பொருள் கிடைக்கவில்லை. திருப்பிப் பார்த்தேன்: கவ. கவலையில் வாலை நறுக்கினால் கவ. சரி, வந்துவிட்டது: "பூவை அடுத்து, வாலறுந்த கவலை திரும்பி நின்றால் வீடு (3)."

குழுவில் போட்டேன். பெரியம்மா விடையைக் கண்டுபிடித்துவிட்டு, குறிப்பைத் தள்ளிவிட்டார். வீட்டுக்கடன் கட்டி முடியும்வரை கவலைக்கு வால் எப்படி அறும் என்று கேட்கிறார். மாப்பிள்ளை இன்னும் 'வீ'யிலேயே நிற்கிறார்.